பிராஸிக்யூஷனும் பெர்ஸிக்யூஷனும்

இங்கிலீஷ்காரர்கள் 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தங்கள் அதிகாரத்தை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கொடியை இறக்கினார்கள், கோட்டைச் சாவியைக் கொடுத்தார்கள். தங்கள் பாஷையின் எழுத்துக்கூட்டலை மாத்திரம் எடுத்துக்கொண்டு போகாமல் நம்மிடமே விட்டுவிட்டார்கள். மறதியினால் விட்டார்களா, மனமறிந்து விட்டார்களா என்பதைச் சரித்திர ஆசிரியர்கள்தாம் தீர்மானிக்க வேண்டும். நமக்குத் தெரிந்ததெல்லாம், அந்தச் சுமையை இன்று வரையில் நம் வீட்டுக் குழந்தைகள் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான். மேனிலைப் பள்ளி ஆங்கில வினாத்தாளில், ஒன்றுபோல் ஒலித்தோ ஒன்றுபோல் தோன்றியோ மயக்கும் சொற்களுள் பொருத்தமானதைக் கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்லுவது வழக்கமாக இருந்து வருகிறது. அந்தக் கோடிட்ட இடத்தில் இடறி விழுந்த மாணாக்கர்களின் தொகையை எண்ணினால் ஒரு சிறு பட்டணத்துக்குப் போதும் என்று நினைக்கிறோம்.

இதில் நம் குழந்தைகள் பேரில் குறை சொல்லுவதற்கு இடமே இல்லை. தமிழிலும் மயங்கொலிகள் உண்டு. தலை வேறு, தளை வேறு, தழை வேறு. அரம் இரும்பைத் தேய்க்கும். அறம் மனத்தைத் திருத்தும். ஆனால் தமிழில் இந்த வேற்றுமை நாவிலே இருக்கிறது. லகர ளகர ழகரங்களை உச்சரிக்கக் கற்றுக்கொண்டவன் எழுதும்போது பெரும்பாலும் தவறமாட்டான். ரகர றகரத்திலும் நகர னகரத்திலும் இந்நாளைய நாக்கு நம்மைச் சிறிது ஏமாற்றிவிடுகிறது என்பது மெய்தான். அது வேறு கதை. இங்கிலீஷிலோ, நாக்கைத் தீட்டித் தீட்டிப் பார்த்தாலும் பயனில்லை. ‘பிரின்ஸிபல்’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பி-ஏ-எல் என்று முடிந்தால் கல்லூரித் தலைவர். பி-எல்-இ என்று முடிந்தால் கொள்கை. இங்கிலாந்தின் மகாராஜாவே உச்சரித்தாலும் இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ஆகவே, காதினால் பாஷை கற்று வந்த ஜாதியார் கண்ணினால் கற்க வேண்டிய பாஷையிடம் அகப்பட்டுக்கொண்டு தவிக்கிறார்கள்.

அதோடு விட்டதா? இங்கிலீஷ் காது பிரித்து அறிகிற சில சொற்களை நம் காது சேர்த்துவிடுகிறது. ‘ஸ்’ என்பதற்கும், அதையே தொண்டையதிர்வோடு சொல்லும் ‘இஸட்’ ஒலிக்கும் தமிழில் வேற்றுமை கிடையாது. அதனால் விலையைக் குறிக்கும் ‘பிரைஸும்’ பரிசைக் குறிக்கும் ‘பிரைஸும்’ நம் வாயில் ஒன்றாய்ப் போயின. தொலைப்பதும் ‘லூஸ்’; தொளதொளவென்றிருப்பதும் ‘லூஸ்’. முன்னதற்கு ஓர் ‘ஓ’, பின்னதற்கு இரண்டு. புத்திமதி என்ற பெயர்ச்சொல்லும், புத்திமதி சொல் என்ற வினைச்சொல்லும் நமக்கு ‘அட்வைஸ்’ என்ற ஒரே சொல். இதற்கு ஓர் உபாத்தியாயர் நல்ல வழி ஒன்று சொல்லிக் கொடுப்பார். பெயர்ச்சொல்லின் வாலில் ஐ-சி-இ, அதாவது ‘ஐஸ்’ இருக்கிறது; ஐஸ் என்பது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்; பொருளின் பெயர் பெயர்ச்சொல். வினைச்சொல்லுக்கு சி போய் எஸ் வரும். ‘பிராக்டிஸ்’, ‘லைஸென்ஸ்’ ஆகியவற்றுக்கும் பிரிட்டிஷ் வழக்கில் இதே சட்டந்தான். அமெரிக்கர்கள் மாத்திரம் பிராக்டிஸ் இரண்டையும் சி போட்டும், லைஸென்ஸ் இரண்டையும் எஸ் போட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சுதந்திரத்தை முதலில் அடைந்தவர்களுக்கு அந்த அளவு சலுகையாவது இருக்க வேண்டாமா?

நம் ஊர்க் கடைத்தெருக்களில் அதிகமாக அடிபடுகிற சொல் ஒன்று உண்டு. காகிதம், பேனா, நோட்டுப் புத்தகம் விற்கும் கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு தெருவைக் கடந்தால், பாதிப் பலகையில் ‘ஸ்டேஷனரி’ ஏ-ஆர்-ஒய் என்று முடியும். பாதியில் இ-ஆர்-ஒய் என்று முடியும். எழுது கருவிகளுக்கு உரியது இ. அசையாமல் நிற்பதற்கு உரியது ஏ. ஏ போட்ட கடைக்காரர் தம் கடை ஓடிப்போகாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று உலகத்துக்குத் தெரிவிக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆதியில் இரண்டும் ஒரே சொல்தான். இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரிகளில் பலர் ஊர் ஊராய்ச் சுற்றி விற்றார்கள். புத்தகம் விற்றவர்களோ சர்வகலாசாலைகளின் பக்கத்தில் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்தார்கள். நிலையாக நின்றபடியால் அவர்களுக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர் ஏற்பட்டது. லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557-ஆம் வருஷத்தில் ராஜாங்கப் பட்டயமே கிடைத்தது. பிற்காலத்தில் அவர்கள் விற்ற காகிதாதிகளுக்கு இ-யும், நிற்பதற்கு ஏ-யும் என்று பங்கு பிரித்தார்கள். கடிதம் போடும் உறைக்கு ‘என்வலப்’ என்று பெயர். அது இ-யில் தொடங்குகிறது. உறை விற்கும் கடைக்கு இ. இதை ஒரு தடவை கேட்ட குழந்தை மறப்பதில்லை.

பூவைக் குறிக்கும் ‘ஃபிளவரும்’ மாவைக் குறிக்கும் ‘ஃபிளவரும்’ இப்படித்தான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தானியத்தை அரைத்துச் சலித்தால் வரும் சிறந்த பகுதியைப் பூ என்றார்கள். பிற்காலத்தில் எழுத்தை மாற்றிக் குடும்பத்தைப் பிரித்தார்கள். தீவு என்று பொருள்படும் சொல்லின் நடுவே ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும் எஸ், பண்டிதர்கள் வேறொரு சொல்லோடு உறவு இருப்பதாக எண்ணிப் பிற்காலத்தில் கொண்டுவந்து வைத்தது. அந்தப் பண்டிதர்களின் தவற்றைச் செய்யாமல் விட்டால் நம் பையனுக்கு மார்க்குக் குறைகிறது. இதுவும் ஒரு நியாயம்!

ஊர்ப் பெயர்களை இங்கிலீஷில் எழுதுவதிலும் இந்தத் தொல்லை உண்டு. கோயம்புத்தூர், எழும்பூர், தூத்துக்குடி முதலிய ஊர்களின் பெயரைத் தமிழ் ஒலிப்படி இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று 1,018 பெயர்களைத் திருத்தித் தமிழ்நாட்டு ஸர்க்கார் 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஓர் ஆணை வெளியிட்டது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் புதிய எழுத்துக்கூட்டல்களைப் பார்த்த ஜனங்கள் தங்கள் சொந்த ஊரையே அடையாளம் தெரியாமல் விழித்தார்கள். சில நாட்களுக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது நாம் பாப்பாரப்பட்டிக்குப் போய் வந்த பிரயாணம். தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம் தாலுகாவைச் சேர்ந்த அந்த ஊரை எத்தனை நேயர்கள் பார்த்திருப்பார்கள் என்று அறியோம். சுப்பிரமணிய சிவம் தம் வாழ்நாளின் கடைசி வருஷங்களைக் கழித்ததும், பாரதாசிரமம் அமைத்ததும், 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ஆந் தேதி உடலை நீத்ததும் அங்கேதான். பாரத மாதாவுக்கு அங்கே கோயில் எழுப்ப வேண்டுமென்று அவர் விரும்பினார். அதற்கு 1923-ல் அஸ்திவாரக் கல் நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். சிவம் உயிரோடிருந்த வரையில் கோயில் எழவில்லை. இப்போது அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பாரத மாதாவுக்கு நினைவாலயமும் இருக்கிறது.

அந்த மண்டபத்தின் நிழலில் நின்றபோது நமக்கு இரண்டு இங்கிலீஷ் சொற்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்று ‘பிராஸிக்யூஷன்’, மற்றொன்று ‘பெர்ஸிக்யூஷன்’. முன்னது பி-ஆர்-ஓ என்று தொடங்குகிறது; பின்னது பி-இ-ஆர் என்று தொடங்குகிறது. மற்ற எழுத்துக்களெல்லாம் ஒன்றே. முன்னதற்குக் குற்றம் சாட்டி வழக்கு நடத்துதல் என்று பொருள். பின்னதற்கு ஒருவனை விடாமல் துரத்தித் துன்புறுத்துதல் என்று பொருள். இரண்டும் லத்தீன் பாஷையில் ‘பின்தொடர்தல்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழிலும் பாருங்கள்: வழக்கையும் ‘தொடர்கிறோம்’, பகைவனையும் ‘தொடர்கிறோம்’. மயக்கம் தீர வேண்டுமானால், பி.ஆர்.ஓ. என்பது ஒரு ஸர்க்கார் உத்தியோகத்தின் பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பி-ஆர்-ஓ வந்தால் ஸர்க்கார் தரப்பு.

1908-ஆம் வருஷம் மார்ச்சு 12-ஆந் தேதி வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவமும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டார்கள். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் தமிழில் பேசிய பேச்சுக்கள்தாம் குற்றம். இந்தியன் பீனல் கோடு 124-ஏ பிரிவின்படி ராஜத்துவேஷம் என்று வழக்கு. தமிழில் ஜனங்களின் உள்ளத்தை உருக்கிய சொற்கள் போலீஸார் எழுதிய குறிப்பாகி, அப்புறம் இங்கிலீஷாகி, ஸெஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே துரையின் முன்னிலையில் போய் நின்றன. ஜூலை மாதத்தில் தீர்ப்பு. பிள்ளையவர்களுக்கு ஆயுள் பரியந்தத் தீவாந்தர சிட்சை. சிவத்துக்குப் பத்து வருஷம். சென்னை ஹைக்கோர்ட்டு சிவத்தின் தண்டனையை ஆறு வருஷமாகக் குறைத்தது. 1912-ஆம் வருஷம் நவம்பரில் வெளியே வந்தவர் உள்ளே போன மனிதர் அல்லர். சிறையிலேயே குஷ்டரோகம் பற்றிவிட்டது. நோயைக் காரணங் காட்டி ரெயிலில் ஏறவும் தடை விதித்தார்கள். அந்த மனிதர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலுமாக ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். 1913-ல் ‘ஞானபாநு’ என்ற பத்திரிகையை ஆரம்பித்து நடத்தினார். பாரதியாரின் எழுத்து அதில் வெளிவந்தது. நாற்பத்தோராவது வயது நிறையும் முன்பே பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடினார். ஸர்க்கார் கணக்கில் 1908-ல் நடந்தது பி-ஆர்-ஓ. தேசத்தின் கணக்கில் அது பி-இ-ஆர். எந்த எழுத்துக்கூட்டல் சரி என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

124-ஏ பிரிவைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சொல்லையும் சொல்லாமல் விட முடியாது. ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ என்ற இரட்டையரை எல்லாரும் அறிவார்கள். ஏ-யில் தொடங்குவது பெரும்பாலும் வினைச்சொல்: பாதித்தல். இ-யில் தொடங்குவது பெரும்பாலும் பெயர்ச்சொல்: விளைவு. ஏ-யின் வழியில் வந்தது ‘அஃபெக்ஷன்’, அதாவது பிரியம். அதற்கு முன்னால் ‘டிஸ்’ சேர்த்தால் ‘டிஸ்அஃபெக்ஷன்’. இந்தச் சொல்தான் 1870-ல் பிறந்த அந்தப் பிரிவின் உயிர்நிலை. ஸர்க்காரிடத்தில் ஜனங்களுக்கு டிஸ்அஃபெக்ஷன் உண்டாக்கினால் குற்றம். அப்படியானால் அதற்கு என்ன அர்த்தம்? இந்த ஒரு சொல்லின் அர்த்தத்துக்காகப் பெரிய பெரிய நியாயாதிபதிகள் அகராதியைப் புரட்டினார்கள்.

1891-ல் கல்கத்தாவில் ‘பங்கபாஸி’ என்ற பத்திரிகையின் பேரில் வழக்கு வந்தது. பிரதம நியாயாதிபதி பெதரம் துரை, ஜூரர்களுக்கு இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினார். டிஸ்அஃபெக்ஷன் என்பது பிரியத்துக்கு எதிரிடையானது, அதாவது வெறுப்பு. ‘டிஸ்அப்ரோபேஷன்’ என்பது ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ளாமை. ஒருவருடைய செய்கையை ஒப்புக்கொள்ளாமலே அவரிடம் பிரியமாக இருக்கலாம் அல்லவா? ஜூரர்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. வழக்கும் பிற்பாடு கைவிடப்பட்டது. ஆறு வருஷம் கழித்துப் பம்பாயில் லோகமான்ய திலகரின் வழக்கு. நியாயாதிபதி ஸ்ட்ரேச்சி துரை, டிஸ்அஃபெக்ஷன் என்றால் பிரியம் இல்லாமை, அவ்வளவுதான் என்று விளக்கினார். ‘டிஸ்’ என்ற முன்னொட்டுக்குப் பகைமை என்று பொருளா, இன்மை என்று பொருளா என்பது இலக்கண விவகாரம். ஆனால் அதைப் பொறுத்து ஒரு மனிதர் சிறை போவார் அல்லது வீடு போவார். ஒன்பது ஜூரர்களில் ஆறு ஐரோப்பியர்கள் குற்றவாளி என்றார்கள். மூன்று இந்தியர்கள் இல்லை என்றார்கள். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். மறு வருஷமே சட்டத்தைத் திருத்தி, டிஸ்அஃபெக்ஷன் என்பதில் ராஜவிசுவாசமின்மையும் எல்லாவிதப் பகைமையுணர்ச்சியும் அடங்கும் என்று எழுதிவைத்தார்கள். டிஸ்அப்ரோபேஷன் குற்றமாகாது என்றும் எழுதினார்கள். 1908-ல் சிவத்தைப் பிடித்தது இந்தத் திருத்திய வலைதான்.

‘டிஸ்இன்ஃபெக்ஷன்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. கிருமிநாசம் என்று பொருள். அந்தக் காலத்து ஸர்க்கார் முன்னதைப் பின்னதனால் ஒழித்துவிடலாம் என்று எண்ணிச் சிறைக்கூடங்களைத் திறந்தது போலும். கடைசியில் கிருமி பற்றியது சிவத்தின் உடம்பைத்தான்.

1922-ஆம் வருஷம் மார்ச்சு 18-ஆந் தேதி ஆமதாபாத்தில் இதே பிரிவின் கீழ் நின்ற காந்தியடிகள், பிரியத்தைச் சட்டம் போட்டு உற்பத்தி செய்ய முடியாது என்ற கருத்தைக் கோர்ட்டிலேயே எடுத்துச் சொல்லி, குற்றத்தையும் ஒப்புக்கொண்டு, ஆறு வருஷத் தண்டனையை ஏற்றார். சுதந்திரம் வந்தும் அந்தப் பிரிவு போகவில்லை. 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு, பலாத்காரத்தையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று குறுக்கியது. 2022-ஆம் வருஷம் மே மாதத்தில் அதைப் பிரயோகிக்காமல் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய ஸம்ஹிதையில் 124-ஏ இல்லை. அந்த இடத்துக்கு 152-ஆம் பிரிவு வந்திருக்கிறது. புதிய பிரிவின் வாசகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தோம். டிஸ்அஃபெக்ஷன் போய்விட்டது. டிஸ்அப்ரோபேஷன் மாத்திரம், குற்றமாகாது என்ற விளக்கத்தில், இன்னும் இருக்கிறது. புதிய பிரிவு பழையதைவிட அகலமா ஒடுக்கமா என்பதில் சட்ட நிபுணர்களிடையே விவாதம் இருக்கிறது. ஸர்க்காரைக் குறை கூறும் உரிமை உள்ளவர்கள் இந்த இரண்டு சொற்களின் பேதத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுவது நல்லது என்பதே நம் அபிப்பிராயம்.

நாம் மண்டபத்திலிருந்து திரும்பி, பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சியில் ஓர் அம்மாள், அவளுடைய மகன், பள்ளிக்கூட உடுப்பில் ஒரு பெண் குழந்தை. நாம் கண்ணாடியும் கையுமாய்ச் சட்ட வாசகம் வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டு அந்த அம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“ஐயா, இங்கிலீஷ் படிச்சவங்களாட்டம் இருக்கீங்க. இவன் காலேஜுக்குப் பணஒதவி கேட்டு எழுதிப் போட்டான். இல்லேன்னு வந்துடுச்சு. ஏன் இல்லேன்னுட்டாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கண்ணு, அதை ஐயாகிட்டே காட்டு.”

பையன் சங்கோசத்தோடு கைபேசியை நீட்டினான். இணையத்தின் மூலமாக அனுப்பிய விண்ணப்பத்தின் கீழே அதிகாரியின் குறிப்பு ஒரே வரி. ஜாதிச் சான்றிதழின் நகல் ‘இல்லெஜிபிள்’ என்று இருந்தது.

“நீ இதை எப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டாய், தம்பி?” என்று கேட்டோம்.

“எனக்குத் தகுதி இல்லைன்னு போட்டிருக்காங்க, சார். அதனாலே விட்டுட்டேன். ஓசூர்ல ஒரு கம்பெனியிலே வேலைக்குச் சொல்லியிருக்கு.”

தகுதி இல்லை என்பதற்குச் சொல் ‘இன்எலிஜிபிள்’. ஐ-என்-இ என்று தொடங்கும். இங்கே இருந்தது ஐ-எல்-எல்-இ. வாசிக்க முடியவில்லை, எழுத்துத் தெளிவாக இல்லை என்று அர்த்தம். மங்கலாக விழுந்த படத்தை எடுத்துவிட்டுத் தெளிவான நகலை மறுபடியும் சேர்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். குறிப்பின் தேதியைப் பார்த்தோம். மறுபடி அனுப்பக் கொடுத்திருந்த கெடுவையும் பார்த்தோம். கெடு முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

பையன் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாள்தான், “அப்போ இவனுக்குத் தகுதி இருக்குதுங்களா?” என்று கேட்டாள்.

“இருக்கிறது, அம்மா. காகிதத்தின் பேரில்தான் குறை. உங்கள் மகன் பேரில் இல்லை.”

அந்தக் குறிப்பை எழுதிய காரியாலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒரு தமிழ்ப் பையனுக்கு, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, ‘நகல் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புக’ என்று நாலு தமிழ்ச் சொல் எழுத அவர்களுக்கு என்ன தடை? லத்தீன் பாஷையில் பொறுக்குவதற்கும் படிப்பதற்கும் ஒரே வினைச்சொல். அதிலிருந்தே தகுதியைக் குறிக்கும் சொல்லும் வாசிக்கத்தக்கதைக் குறிக்கும் சொல்லும் பிறந்தன என்று இந்தப் பத்தியில் நாம் சாவதானமாக எழுதலாம். நம் பள்ளிக்கூடத்திலும் எழுத்துக்களைப் பொறுக்கிக் ‘கூட்டி’த்தானே வாசிக்கிறோம் என்று ரசிக்கவும் செய்யலாம். ஓசூர்க் கம்பெனிக்குப் போக மூட்டை கட்டிய பையனுக்கு அந்த ரசனையினால் என்ன லாபம்?

காரியாலயத்துக்கு நேரில் போய்க் கேட்கும்படியும், கெடுவை நீட்டாவிட்டால் அடுத்த வருஷம் விண்ணப்பிக்க வழியுண்டா என்று எழுத்துமூலம் பதில் வாங்கும்படியும் சொன்னோம். விண்ணப்பம் ஒன்றைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். பையன் அதை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதுவரையில் வாய் திறவாமலிருந்த தங்கச்சி, நாம் அண்ணனுக்குச் சொன்னதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். வேறு என்னென்ன சொற்கள் இப்படி இருக்கின்றன என்று கேட்டாள். உறை விற்கும் கடைக்கு இ, அசையாததற்கு ஏ என்பதை அவளுக்குச் சொன்னோம். தர்மபுரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கிப் போனவர் திரும்பவே இல்லை. நாம் ஏறி உட்கார்ந்து கால்மணி நேரம் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே அந்தக் குழந்தை நின்றுகொண்டிருந்தாள்.

“சார், இந்த பஸ்ஸு எந்த ஸ்டேஷனரி?” என்று கேட்டு, நாம் வாயைத் திறக்கும் முன்பே, “ஏ போட்டது!” என்று அவளே சொல்லிவிட்டாள்.